செல்லாயி கேட்ட நாலு சக்கரம்

வாங்கண்ணா, நிழல்ல உக்காருங்க. அந்தக் கட்டில் வேணாம், அதுல சோளம் காயுது. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க.

டயர் வாங்க வந்திருக்கீங்க, தெரியும். எங்க வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிட்டுத்தான் டவுனுக்குப் போனார். "பக்கத்தூர்லேருந்து ஒருத்தரு வருவாரு. கொட்டகைக்குப் பின்னாடி கெடக்கற மூணு டயரையும் காட்டு. மோர் குடு. வேற எதுவும் பேசாத" அப்படின்னார். டயரைக் காட்டறேன். மோரும் தர்றேன். மூணாவதா சொன்னது மட்டும் எனக்கு வராது.

உங்க டிரெய்லர்ல வெங்காயம் பிடுங்கற பொம்பளைங்களை ஏத்திட்டுப் போவீங்களாமே? கைப்பிள்ளைக்காரியும் ஏறுவாளா? ஏறுவா. எனக்குத் தெரியும், நானும் அப்படிப் போனவதான். அதனாலதான் சொல்றேன். வெறும் மூட்டை ஏத்தறவரா இருந்தா, மோரைக் கொடுத்துட்டு அந்தப் பக்கம்னு கையைக் காட்டியிருப்பேன்.

உப்பு போதுமா? சரி, கேளுங்க.

அந்த டிரெய்லர் எங்க மாமனார் வாங்கினது. நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே அவர் போய்ச் சேர்ந்துட்டார். அவர் படம் உள்ளே இருக்கு, டிரெய்லர் வெளியே இருக்கு. இந்த வீட்டில் ரெண்டுக்கும் ஒரே மரியாதை. புதுசா வந்தப்போ தெரியாம அதன் மேல பாவாடையைக் காயப்போட்டுட்டேன். எங்க அத்தை அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசலை. மாமா தோள் மேலேயே காயப்போட்ட மாதிரி ஆயிடுச்சு அவங்களுக்கு.

அது வருசத்தில் எத்தனை தடவை ஓடும்ங்கறீங்க? எரு அடிக்க நாலஞ்சு நடை, சோளம் அறுத்தா ஒரு நடை, சித்திரையில் குலசாமி கோயிலுக்கு ஒரு நடை. மத்த நாளெல்லாம் வெயில்ல நிக்கும். நிழல் இருக்கு, இல்லாம இல்லை. அங்கே மாடு கட்டணுமே. அதனால டயர் தேயாது. தேயாத டயர் புது டயர்ங்கறது இந்த வீட்டுச் சட்டம். டிரெய்லர் வந்த வருசம் நட்ட தென்னை வளர்ந்து, காய்ச்சு, அந்தக் காயை ஆயுத பூஜைக்கு டிரெய்லர் முன்னாடியே உடைச்சாச்சு. டயர் மட்டும் இன்னும் புதுசு.

ஆயுத பூஜைன்னதும் ஞாபகம் வருது. அன்னைக்கு எங்க மூத்தார், அதான் எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், எதிர் வீடு, அவர்தான் டிராக்டர் ஓட்டறவர், டயரையெல்லாம் கழுவி, டிராக்டர்ல வடிச்ச கருப்பு ஆயிலைத் துணியில் தொட்டு நாலு டயருக்கும் தேய்ப்பார். கல்யாணப் பொண்ணுக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அவ்வளவு பதமா. பளபளன்னு ஆயிடும். அதுக்கு மேல சந்தனம், குங்குமம். மூத்தார் பேரு என்னன்னு கேக்காதீங்க. நான் சொல்லக்கூடாது. டிரெய்லர் பின்பலகையில் பெயிண்ட்ல எழுதியிருக்கு, போகும்போது படிச்சுக்கங்க.

அந்த ஆயில்தான் டயருக்கு எமன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? குக்கர் வச்சிருக்கற எந்தப் பொம்பளைக்கும் தெரியும்ணா. குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இருக்கே, அது என்ன ரோட்டுலயா ஓடுது? தேயவா செய்யுது? இருந்தாலும் வருசம் போனா விறைச்சுப் போய், விசில் வராம பக்கத்துல புஸ்ஸுன்னு ஆவி அடிக்குது. உடனே மாத்தறோம். எண்ணெய் பட்டா இன்னும் சீக்கிரம் கெடும். இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "குக்கருக்கு ரோடு டாக்ஸ் உண்டாடி?" அப்படின்னார். சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். நல்ல மனுசன்தான். சிரிப்பு வந்துட்டா யோசனை நின்னுடும், அவ்வளவுதான்.

போன தை மாசம் சோளம் ஏத்திட்டு வர்றப்போ பின்டயர் ஒண்ணு வெடிச்சது. வேட்டு போட்ட மாதிரி சத்தம். ஏரிக்கரை மேல டிரெய்லர் ஒரு பக்கமா சாஞ்சு, மூட்டை கிழிஞ்சு, சோளமெல்லாம் ரோட்டுல. யாருக்கும் அடி இல்லை. கோழிங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. ராத்திரி வீட்டில் எல்லாரும் கூடி உக்காந்து காரணம் கண்டுபிடிச்சாங்க. என்ன காரணம்? எதிர்க்காட்டுக்காரர் வரப்புல நின்னுக்கிட்டு "சோளம் நல்லா வெளஞ்சிருக்கு போலயே" அப்படின்னு கேட்டாராம். அந்தக் கண்ணுதான். மறுநாள் டிரெய்லருக்குப் பூசணிக்காய் சுத்திப் போட்டு, பின்னாடி பழைய செருப்பு ஒண்ணு கட்டினாங்க. என் செருப்பு. அது பழசும் இல்லை.

வெடிச்ச டயருக்குப் பதிலா வேற டயர் வேணுமே. மூத்தார் ஏணி போட்டு மாட்டுக்கொட்டகை மேல ஏறினார். கொட்டகைத் தகரம் காத்துல பறந்துடாம இருக்க மாமனார் காலத்திலேயே மேல ஒரு டயரைத் தூக்கி வச்சிருந்தாங்க. ஸ்டெப்னியா வந்த டயர். அதை உருட்டித் தள்ளினார். கீழே விழுந்து நல்லா எகிறிச்சு. "பாத்தியா, எப்படித் துள்ளுது! பட்டன் அப்படியே இருக்கு" அப்படின்னார். டயர் மேல கட்டை கட்டையா நிக்கற பட்டன் எப்படிண்ணா தேயும்? தகரத்து மேல உக்காந்து ஊரைப் பாத்துக்கிட்டிருந்த டயர் அது.

"தகரத்துக்கு என்ன மாமா வைக்கிறது?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு கல்லைத் தூக்கி வையிம்மா" அப்படின்னார்.

தை மாசம் போனது சோளம். அடுத்து சித்திரையில் ஏறப்போறது நாங்க. எனக்கு அதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. எங்க குலசாமி செல்லாயி. மலையடிவாரத்தில் இருக்கா. ஏரிக்கரை ஏறி, கல்லாங்குத்துச் சரிவு இறங்கிப் போகணும். இந்தத் தடவை எங்க பொண்ணு கனிஷ்காவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தறது. அதனால பங்காளிங்க, எங்கப்பா வீட்டு ஜனம், எல்லாரும் ஏறுவாங்க. கனிஷ்கா எங்கே உக்காரும் தெரியுமா? பின்பலகைகிட்ட, பங்காளி வீட்டுச் சித்தப்பா மடியில், காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு. அதுதான் ஜன்னல் சீட்டாம் அதுக்கு.

ஒரு நாள் மத்தியானம், யாரும் இல்லாதப்போ, குனிஞ்சு டயரைப் பார்த்தேன். மேல பட்டன் நல்லாத்தான் இருந்தது. பக்கத்துல பார்த்தா எங்க அத்தை குதிங்கால் மாதிரி பித்தவெடிப்பு. வெடிப்புக்குள்ள எல்லாம் அந்தக் கருப்பு ஆயில் புகுந்து வெளியே தெரியாம மூடியிருக்கு. கொண்டை ஊசியை எடுத்து வெடிப்புல விட்டேன். உள்ளே போச்சு. பாதி ஊசி போச்சு. அப்புறம் நாலு டயரிலும் விட்டுப் பார்த்தேன். நாலிலும் போச்சு.

ராத்திரி இவர்கிட்ட சொன்னேன். இவர் டார்ச்சை எடுத்துட்டு வந்து பட்டனுக்கு நடுவுல கட்டைவிரலை விட்டுக் காட்டினார். "பாரு, எவ்வளவு ஆழம் போவுது?"

"நான் பக்கத்தைச் சொல்றேன்ங்க."

"பக்கத்துலயாடி ஓடுது? அடியிலதான் ஓடுது."

மூத்தார்கிட்ட நேரா எதிர்த்துப் பேச முடியாது. அத்தையை வச்சுக்கிட்டுப் பேசினேன். அவர் கோபப்படலை. "அப்பா கையால மாட்டின டயரும்மா" அப்படின்னார். அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. டயர் பேச்சு அதோட முடிஞ்சு மாமனார் பேச்சு ஆரம்பிச்சது. அப்பா மேல இருக்கற பாசத்தை டயர் மேல வச்சா இப்படித்தான். இந்த வீட்டு ஜனத்துக்கு அது புரியவே புரியாது.

வேன் வச்சுக்கிட்டுப் போகலாம்னு சொல்லிப் பார்த்தேன். "குலசாமிக்கு வேன்லயா?" அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செல்லாயி டிராக்டர் சத்தம் கேட்டாத்தான்டி கண்ணைத் தொறப்பா." செல்லாயிக்குக் கோயில் கட்டினப்போ டிராக்டர் ஏதுண்ணா? கேக்கலை. கேட்டா அதுக்கும் ஒரு கதை வச்சிருப்பாங்க.

ஒரு நாள் டயரில் காத்தைப் பிடுங்கி விட்டேன். அப்படியாவது கழட்டிப் பார்ப்பாங்கன்னு. காலையில் மூத்தார் பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா, கோளாறு டியூப்புலதான் இருந்திருக்கு. டயரைப் போய்ச் சொன்னீங்களே!" புது டியூப் வாங்கிப் போட்டார். பழைய சட்டைக்குப் புது பனியன்.

சித்திரை வந்தது. அன்னைக்குக் காலையில் டிரெய்லரைக் கழுவி, வாழைமரம் கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, மேல ஜமுக்காளம் விரிச்சாச்சு. அத்தைக்குக் கீழே உக்காந்தா முட்டி வலிக்கும்னு பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு, பின்டயர் ரெண்டுக்கும் நடுவுல. அண்டா, குண்டா, விறகு, ரெண்டு கெடா, எங்கப்பா, எங்கம்மா, பங்காளிங்க எல்லாரும் ஏறியாச்சு. கனிஷ்கா பட்டுப்பாவாடையோட பின்பலகைகிட்டப் போய் உக்காந்தாச்சு. வெயில் காலையிலேயே சுள்ளுன்னு அடிக்குது. மூத்தார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வச்சார். என் கையில் கற்பூரத் தட்டு. டிராக்டருக்குச் சுத்தினேன். டிரெய்லருக்குச் சுத்தினேன். பின்டயர்கிட்டே வந்தேன். வெடிப்பு என்னையே பார்த்துச்சு.

எனக்கு வந்துடுச்சு.

என்னது வந்துச்சுன்னா? சாமிண்ணா. செல்லாயி. எங்கப்பா ஊர்ல எங்க சின்னம்மாவுக்கு வரும், அதனால அது எப்படி வரும்னு எனக்குத் தெரியும். முதல்ல தோள் குலுங்கும். அப்புறம் தலைமுடி அவுந்துடும். கொண்டை ஊசியை எடுத்துட்டா தானா அவுந்துடும். வந்துச்சா, வரவழைச்சியான்னு கேக்கறீங்களே, நல்ல கேள்வி. அதெல்லாம் சாமி விஷயம். நமக்கெதுக்கு?

"அடேய் கலியபெருமாளு!"

மூத்தார் பேருண்ணா அது. அதுவரைக்கும் என் வாயால வந்ததே இல்லை. ரேஷன் கடையில் கேட்டாக்கூட விரலால காட்டுவேன். அவர் கையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு ஓடிச்சு. அப்படியே கும்பிட்டுக்கிட்டு நின்னார்.

"தாயே!"

"என் புள்ளைங்களை எதுலடா ஏத்திக்கிட்டு வர்ற?"

"வழக்கமா வர்ற டிரெய்லர்தான் தாயே."

"நான் கேக்கறதைக் குடுத்துட்டு அப்புறம் ஏத்துடா!"

"கெடா ரெண்டு இருக்கு தாயே. சேவலும் வேணுமா?"

"சக்கரம் வேணும்டா. நாலு சக்கரம்!"

"வெள்ளியில செஞ்சு வச்சிடறோம் தாயே."

"ரப்பர்ல குடுடா!"

சாமிக்கு ரப்பர் தெரியுமான்னு எனக்கு இப்பவும் சந்தேகம்தான். வாயில வந்துடுச்சு. ஆனா யாரும் சிரிக்கலை. மூத்தார் டிரெய்லரைச் சுத்திப் பார்த்தார். பார்த்துட்டு மெதுவா கேக்கறார்:

"பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா தாயே? முன்னாடி ரெண்டும் பட்டன் அப்படியே இருக்கு."

"எங்கிட்டயே பேரமாடா கலியபெருமாளு? நாலும்! அதுவரைக்கும் என் புள்ளை குட்டி ஒண்ணுகூட இதுல ஏறக்கூடாது!"

"சரி தாயே. நாலும். எந்தக் கம்பெனி தாயே?"

அதோட செல்லாயி மலையேறிட்டா. அதுக்கு மேல அவளுக்குத் தெரியாது.

அப்புறம் முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க. எங்க வீட்டுக்காரர் என் காதுகிட்டக் குனிஞ்சு, "ஏன்டி, கொண்டை ஊசி எங்கடி?"ன்னு கேட்டார். அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஆனா அவர் அதுக்கு மேல வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க அத்தை டிரெய்லர்லேருந்து இறங்கிட்டாங்க. "எம் மருமக அஞ்சு வருசமா அவன் பேரை ஒரு தடவை சொல்லியிருப்பாளா? சொல்ல வாய் வருமா அவளுக்கு? செல்லாயிதான்டா அது. எல்லாம் எறங்குங்க!" அவ்வளவுதான். குக்கர் வளையம், கொண்டை ஊசி, பித்தவெடிப்பு எதுக்கும் அசையாத ஜனம், மூத்தாரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கு இறங்கிடுச்சு. கனிஷ்காதான் ஜன்னல் சீட் போச்சேன்னு அழுதது. அழட்டும்னு விட்டுட்டேன்.

எங்கப்பா போன் போட்டு வேன் வரவழைச்சார். மூத்தார் மட்டும் ஒரு கணக்குப் போட்டார். சாமி சொன்னது புள்ளை குட்டியைத்தானே, சாமானைச் சொல்லலையே? அண்டாவும் விறகும் கெடாவும் டிரெய்லர்லயே வரட்டும், நான் ஓட்டிக்கிட்டு வர்றேன் அப்படின்னார். எங்க வீட்டுக்காரரும் துணைக்குப் போறேன்னு டிரெய்லர்ல ஒரு காலை வச்சார். நான் சொம்புல தண்ணி குடிச்சுக்கிட்டே ஒரு பார்வை பார்த்தேன். சாமி போயிடுச்சு, கண்ணு சிவப்பு போகலை. காலை எடுத்துட்டார்.

நாங்க கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கனிஷ்காவுக்கு மொட்டை போட்டாச்சு. சந்தனம் தடவியாச்சு. காது குத்தறவர் ஊசியோட உக்காந்திருக்கார். நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு, டிராக்டர் சத்தத்தைக் காணோம். அத்தை வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. அப்புறம் பால்காரர் ஒருத்தர் பைக்ல வந்து, கல்லாங்குத்துச் சரிவுல வண்டி ஒண்ணு கவுந்து கெடக்கு, உங்களுதுதானான்னு கேட்டார்.

போய்ப் பார்த்தோம். சரிவுல இறங்கறப்போ பின்டயர் வெடிச்சிருக்கு. வெடிச்சது தகரத்து டயர்னு நினைக்கறீங்களா? இல்லை. அது இதோ, கொட்டகைக்குப் பின்னாடி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. வெடிச்சது இன்னொண்ணு, நல்ல டயர்னு எல்லாரும் சொன்னது. டிரெய்லர் ஒரு இழுப்பு இழுத்து, டிராக்டரையும் திருப்பி, பள்ளத்துல குப்புற விழுந்து கெடந்தது. மூத்தார் சீட்டுலேருந்து தூக்கி வீசப்பட்டு முள்ளுக்குள்ள கெடந்தார். உயிர் இருந்தது. தோள்பட்டை எலும்பு போச்சு. இன்னும் கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது. கெடா ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணு கயித்தை அறுத்துக்கிட்டு மலை மேல ஏறிடுச்சு. இப்பவும் அங்கேதான் இருக்குன்னு ஆடு மேய்க்கறவங்க சொல்றாங்க.

அண்டா அப்பளமா இருந்தது. அத்தையோட நாற்காலி இருந்த இடத்துல நாற்காலி இல்லை, நாலு துண்டு இருந்தது. பின்பலகை மடிஞ்சு டிரெய்லருக்கு அடியில் போயிருந்தது. அதை நான் குனிஞ்சு பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவாண்ணா?

ஆஸ்பத்திரியில் மூத்தார் மாவுக்கட்டோட படுத்துக்கிட்டு, "செல்லாயி சாமானுக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கா. நான்தான் கேக்கலை"ன்னு அழுதார். "டயர் பழசா இருந்தது மாமா"ன்னு நான் கதவுகிட்ட நின்னு சொன்னேன். "டயரு என்னம்மா பண்ணும்? பட்டன் அப்படியே இருந்துச்சே!" இப்ப டிரெய்லர்ல நாலும் புது டயர். பழசுன்னு மாத்தலை, சாமி கேட்டதுன்னு மாத்தினாங்க. எப்படியோ போகட்டும். எனக்கு உருளறதுதான் முக்கியம். என்ன, இப்போ செவ்வாக்கிழமையானா நாலு பேர் எங்கிட்ட குறி கேக்க வந்துடறாங்க. போன வாரம் ஒரு அம்மா, பேரனுக்கு ராத்திரியில காய்ச்சல் வருதுன்னு வந்தாங்க. செல்லாயி அவங்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா. போனாங்களே. நான் சொல்லியிருந்தா போயிருப்பாங்களா?

வாங்க, இந்தப் பக்கம். இதுதான் மூணும். எங்க வீட்டுக்காரர் டீக்கடையில் உங்ககிட்ட என்ன சொன்னார்? பட்டன் அப்படியே இருக்குன்னாரா? இருக்குண்ணா, பாருங்க. இப்போ இந்தாங்க கொண்டை ஊசி. நீங்களே பக்கத்துல விடுங்க. அங்கே இல்லை, ஆயிலைத் துடைச்சுட்டு, ம், அந்த வெடிப்புல. போகுதா? இன்னும் தள்ளுங்க. போகுதுல்ல? உங்க வண்டியில் ஏறுற பொம்பளைங்க யாருக்காவது சாமி வருமா? வராதா? அப்போ நீங்களாத்தான் வேண்டாம்னு சொல்லணும்.

சொல்லிட்டீங்களே! நல்லது. நீங்க யோசனை உள்ளவர். ஆனா அடுத்து வர்றவர் எப்படியோ தெரியாது. அதனால இந்த மூணையும் நான் ரம்பத்தால அறுத்து மாட்டுக்குத் தண்ணித் தொட்டி பண்ணப்போறேன். உள்ளே கம்பி இருக்கு, லேசுல அறுபடாது. அறுபட்டுட்டா அப்புறம் எந்த மூத்தாரும் எடுத்து மாட்ட முடியாது. உங்களுக்கும் ஒரு தொட்டி வேணும்னா சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் கேட்டா, அவர் பேரைச் சொல்லி ஒரு சாமி வந்தாப் போச்சு.

ஐயோ, பேச்சுல மணியைப் பாக்கலை. பால்வாடி விட்டிருப்பாங்க. கனிஷ்கா வாசல்ல நின்னுக்கிட்டிருக்கும். கொஞ்சம் நகருங்கண்ணா, என் மொபட்டை எடுக்கணும். இதுலதான் போய்க் கூட்டிட்டு வருவேன். முன்னாடி நிக்கவச்சா காத்து வாங்கிக்கிட்டே வரும். சில நாள் பக்கத்து வீட்டுப் பையனும் ஏறிக்குவான்.

என்ன குனிஞ்சு பாக்கறீங்க? டயரா? அது நல்ல டயர்ணா. மொழுக்குன்னு இருக்குங்கறீங்களா? ரோடு நல்லாருக்கற ஊருக்கு இது போதும். பால்வாடிக்கும் வீட்டுக்கும் ஓடற வண்டி, எங்கே போய்க் கெடப்போகுது? ரப்பர் தேஞ்சு உள்நூல் தெரியுதா? எங்கே? அதுவா, அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. ஒண்ணும் ஆனதில்லையே. பக்கத்துல புடைச்சிருக்கா? காத்து நல்லா அடிச்சிருக்கேன், அதான்.

இது எங்கப்பா கல்யாணத்துக்குச் சீரா கொடுத்த வண்டிண்ணா. என் அப்பா. அவர் கையால சாவியைக் கொடுத்தார். அவர் பார்த்து வாங்கினது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. இந்த வீட்டு டிரெய்லரையும் எங்கப்பா வண்டியையும் ஒண்ணாப் பேசாதீங்க. எனக்குக் கோபம் வரும்.

ஊசியைக் கொடுங்க. எதுக்குக் குத்திப் பாக்கறீங்க? ஊசின்னா போகத்தான் செய்யும், கூரா இருக்குல்ல. சரி, கொடுங்கண்ணா, தலை அவுந்துடும்.

என்ன உங்க வண்டியைக் கொண்டாந்து கேட்டுக்குக் குறுக்க நிறுத்தறீங்க? எடுங்கண்ணா. விளையாட்டா இது? புள்ளை வெயில்ல நிக்கும். எடுக்க மாட்டீங்களா? "எறங்குங்க, எறங்குங்க"ன்னா? நான் மொபட்டை விட்டு இறங்கணுமா? நீங்க என்ன செல்லாயியா, சொன்னதும் இறங்கறதுக்கு? பாக்கறதுக்கு அமைதியா இருந்தீங்க, மோரும் வாங்கிக் குடிச்சீங்க.

சரி. வண்டி இங்கேயே நிக்கட்டும். நான் நடந்தே போறேன். ஏரிக்கரைக்கு அந்தாண்டதான், புள்ளையை இடுப்புல தூக்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்லையா? ஆனா ஒண்ணு, ஊருக்குள்ள போய்ச் சொல்றதா இருந்தா சரியாச் சொல்லுங்க. டயர் பழசுன்னு நான் நடக்கலை. உங்க வண்டி குறுக்க நிக்குது, அதனால நடக்கறேன்.